கொழுந்தன் மகன் சொன்ன துப்பாக்கி

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஆறு, அதில் ஐந்தை வளர்த்து ஆளாக்கினேன். என் ஐந்தில் ஒன்றுகூட அடுத்த வீட்டு வாசலில் போய்ச் சோறு என்று நின்றதில்லை. மூன்று ஆண், இரண்டு பெண். எல்லோருக்கும் கல்யாணம் செய்துவைத்தேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆனாலும் எழுத்துக் கூட்டி எழுதத் தெரியும். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று இந்த நோட்டில் எழுதி வருகிறேன். யாரையும் எழுதித் தரச் சொல்லவில்லை. இதை நான்தான் எழுதவேண்டும்.

பழவேற்காட்டு ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் குப்பம். தண்ணீரைத் தாண்டிப் பார்த்தால் டச்சுக்காரன் கோட்டை இருந்த மேடு, அதில் முள்மரம். நான் வாக்கப்பட்டு வந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணனுக்கு நான். இரண்டு வருஷம் கழித்துத் தம்பிக்கு என் ஓரகத்தி வந்தாள். வந்த அன்றைக்கே மாமியார் சொன்னார், சின்னவள் குரல் எவ்வளவு இனிமை என்று. நான் வந்தபோது என் குரலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத் தொடங்கியது.

எனக்கு ஐந்து, அவளுக்கு ஒன்றுதான். ஒரே மகன். அந்த ஒன்று என் ஐந்தையும் தராசில் தூக்கிவிடும் என்று அப்போது தெரியாது. கொழுந்தன் சின்ன வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார். மகன் பொன்னேரிக்குப் போய்ப் படித்தான், அங்கிருந்து அப்படியே பட்டாளத்தில் சேர்ந்தான். சண்டைக்குப் போகிற வேலை இல்லை. துப்பாக்கிகளைப் பிரித்து, துடைத்து, பழுது பார்த்து, சுட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கிற பட்டறையில் வேலை. நாள் முழுக்கச் சுட்டுப் பார்க்கிற வேலை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

லீவில் வந்தால் அவன் முதலில் என் வீட்டுக்குத்தான் வருவான். என் காலைத் தொட்டுவிட்டுத்தான் அவன் அம்மாவிடம் போவான். அதில் எனக்குப் பெருமை. ஆனால் பெருமை ஒரு நாள்கூட முழுசாக நிற்காது. ஒரு தடவை எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கம்பளிச் சால்வை வாங்கி வந்தான். எங்கள் ஊர் வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் அளந்தேன். அவளுடையதில் கரை அரை விரல் அகலம் கூட. மடிப்பில் அப்படித் தெரிந்ததோ என்னவோ, பிரித்தும் அளந்தேன். கூடத்தான் இருந்தது. மற்றவர்கள் இதைப் பொறாமை என்பார்கள். நானும் அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

பாடு என்றால் என்ன என்று சொல்லிவிடவேண்டும். ஏரியில் இறால் நிறைய விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் நீரோட்டத்தைப் பார்த்து வலை கட்டுகிற இடங்கள் அவை. எல்லோரும் ஒரே நாளில் போய் விழுந்தால் அடிதடிதான். அதனால் குப்பத்தில் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் முறை வைத்து விடுவார்கள். அந்த முறைதான் பாடு. தலைக்கட்டு எத்தனையோ அத்தனை முறைதான். ஒருவர் போனால்தான் புதிதாகக் கல்யாணமானவன் உள்ளே வரலாம். பாடு இல்லாதவன் இன்னொருவன் வலையில் கூலிக்குப் போகவேண்டும். ஊர்க் கூட்டத்தில் அவன் பேச்சு எடுபடாது.

வருஷத்துக்கு ஒரு தரம் காலையில் பாட்டுக் கூப்பிடு, அதாவது பாடு உள்ளவர்கள் பெயரைக் கூப்பிடுவது, நடக்கும். முறை உள்ளவர்கள் எல்லோரும் முழங்கால் தண்ணீரில், கை நீட்டினாலும் ஒருவரை ஒருவர் தொட முடியாத தூரம் விட்டு வரிசையாக நிற்பார்கள். ஏரியைப் பார்த்துத்தான் நிற்கவேண்டும். பின்னால் கோயில் மேட்டில் குப்பத்துத் தலைவரான பெரியதனக்காரர் குடத்துக்குள் கைவிட்டு ஓலை எடுத்து, வந்த பெயரைக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவன் திரும்பாமல் "நிக்கிறேன்" என்று சொல்லவேண்டும். ஏரிக்கு முதுகைக் காட்டினால் ஏரி நமக்கு முதுகைக் காட்டும் என்பார்கள். வேறு எவன் வாய் திறந்தாலும் அவன் முறையும் சேர்ந்து போகும். ஒரு காலத்தில் இல்லாதவனுக்காக இருக்கிறவன் குரல் கொடுத்து ஏமாற்றினானாம். அதிலிருந்து இந்தக் கட்டு. மூன்று தரம் கூப்பிட்டும் பதில் இல்லாவிட்டால் அந்தத் தலைக்கட்டு கழிந்தது. காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்கு அது போய்விடும். பிறகு திரும்பாது.

வெளியூரில் வேலை பார்ப்பவனும் அன்றைக்கு வந்து நின்றே ஆகவேண்டும். கொழுந்தன் பாடு மகனுக்கு வந்திருந்தது. அவன் தாய்மாமன்தான் வருஷம் முழுக்க அந்த முறையில் வலை கட்டினார். ஆனாலும் கூப்பிடு நாளைக்கு இவன் லீவு கேட்டு வந்து நின்றுவிட்டுப் போவான். அந்த ஒரு காலைக்காக மூன்று நாள் ரயிலில் உட்கார்ந்து வருவான்.

என் கடைக்குட்டிக்கு அப்போது கல்யாணமாகி இரண்டு வருஷம். காத்திருப்பவர்களில் அவன்தான் முதல். பாடு இல்லாததால் அவன் மாமனார் வீட்டில் அவனுக்குச் சோறு போட்டார்கள், மரியாதை போடவில்லை. அது என் நெஞ்சில் முள்ளாக இருந்தது.

அந்த வருஷம் கூப்பிடுக்கு இரண்டு நாள் முன்னால் கொழுந்தன் மகன் வந்தான். மத்தியானம் வலைக் கொட்டகையில் ஆண்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நாலைந்து பெண்கள் ஒரு ஓரமாக இறால் ஆய்ந்துகொண்டிருந்தோம். புதிதாக ஒரு துப்பாக்கி பட்டறைக்கு வந்திருக்கிறது என்றும், பொரி போலத் தோட்டாவை அள்ளி வீசும், ஆனால் சத்தம் வராது என்றும் அவன் யாரிடமோ சொல்லப்போக, எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

கிழவர் ஒருவர், வாயிலே எப்போதும் வம்பு, ஆரம்பித்தார்.

"துப்பாக்கின்னா சத்தம் வரணும்டா. சத்தம் வராதது இன்னா துப்பாக்கி? எங்கூட்டு தொடப்பம் கூட சத்தம் போடுது."

"சத்தமே வராதுன்றது சினிமாவுல மாமா. கொறையும், அவ்ளோதான்."

"எதிர்ல கோட்டையில டச்சுக்காரன் மருந்து இடிச்சான். அவன் பீரங்கி வெடிச்சா எளாவூர் வரைக்கும் கேக்கும்னு எங்க தாத்தா சொல்லுவாரு."

"உங்க தாத்தா டச்சுக்காரனைப் பாத்தாரா?"

"அவரு தாத்தா சொன்னாரு, அவரு கேட்டுகினாரு. நீ கதையைச் சொல்றா."

அவன் சிரித்துவிட்டு எழுந்து போய்ப் பப்பாளி இலைக் காம்பு ஒன்றை ஒடித்து வந்தான். உள்ளே குழலாக இருக்குமே, அது. பக்கத்தில் கிடந்த மூங்கில் துண்டை எடுத்தான். வலை மிதவை நாலைந்து கையில் எடுத்தான், நடுவில் ஓட்டை உள்ள வட்டமான மிதவைகள்.

"துப்பாக்கிக்கு மூணு சத்தம் கீது," என்றான். "மருந்து எரிஞ்சா உள்ள புகை குப்புன்னு பெருகும். அதுதான் தோட்டாவைத் தள்ளுது. தோட்டா வாயை விட்டு வெளிய போனதும் பின்னாடியே அந்தப் புகை சோடா பாட்டில் தொறந்த மாதிரி வெடிச்சுகினு வரும். அது ஒண்ணு. ரெண்டாவது, தோட்டா சத்தத்தை விட வேகமாப் போனா காத்துல ஒரு அறை விழும்."

"காத்துல இன்னாடா அறை?"

"மாட்டு வண்டிக்காரன் சாட்டையைச் சொடுக்குறான் இல்ல? சாட்டை எது மேலயும் படல. ஆனா பளார்னு கேக்குது. நுனி அவ்ளோ வேகமாப் போவுது. தோட்டாவும் அப்படித்தான். மூணாவது, துப்பாக்கிக்குள்ளயே ஒரு இரும்புக் கட்டை முன்னும் பின்னும் ஓடி அடிக்கிற சத்தம். ஒவ்வொரு தோட்டாவுக்கும் அடிக்கும்."

"பைக்குக்குப் போடற சைலன்சரை வாயில மாட்டிட்டா போச்சு," என்றான் இன்னொருவன்.

"மாட்டறதும் கீது. அது மொத சத்தத்தைக் கொறைக்கும், சாட்டைச் சத்தம் அப்படியே இருக்கும். அதுக்குன்னு மெதுவாப் போற தோட்டா தனியாத் தேடணும். நான் சொல்றது வேற. இதுல சைலன்சர் மாட்டறதில்ல, துப்பாக்கியே சைலன்சரோட பொறந்தது. கழட்டிட்டா துப்பாக்கியே இல்ல."

பப்பாளிக் காம்பில் முள்ளால் வரிசையாகக் குத்தினான். அதை மூங்கிலுக்குள் விட்டான்.

"இந்தக் காம்புதான் குழல். இதுல ஓட்டை போட்டுக்கீறான். தோட்டா உள்ள ஓடும்போதே பின்னாடி வர புகை இந்த ஓட்டை வழியா பக்கத்துல கசிஞ்சிடும். தள்ற பலம் கொறையுது. சாதாரணத் தோட்டாவே சத்தத்தோட வேகத்தைத் தாண்டாம போயிடுது. சாட்டை அறை இல்ல. கசிஞ்ச புகை எங்க போச்சு? இந்தப் பெரிய மூங்கிலுக்குள்ள. எடம் அகலமாச்சு, அழுத்தம் போச்சு. அப்புறம் முன்னாடி இந்த மாதிரி வட்டு வட்டா தடுப்பு." மிதவைகளை மூங்கில் வாய்க்கு முன்னால் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக் காட்டினான். "தோட்டா நடு ஓட்டையில நேராப் போயிடும். புகை ஒவ்வொரு அறையிலயும் முட்டி, சுத்தி, ஆறிப்போய் வெளிய வரும்போது பெருமூச்சு மாதிரி வரும்."

"மூணாவது சத்தம்?"

"அது போகாது. தாழ்ப்பாளைத் தட்டித் தட்டிப் போடற மாதிரி கேக்கும். பக்கத்துல இருக்கறவனுக்குக் கேக்கும். தூரத்துல இருக்கறவன் துப்பாக்கின்னு நெனைக்க மாட்டான். ஆனா ஒண்ணு வாங்கினா ஒண்ணு குடுக்கணும். தோட்டாவுக்கு வேகம் கொறைஞ்சதால தூரம் போகாது. கரி உள்ளயே தங்கும், ஓட்டை அடையும். தொடைச்சிகினே இருக்கணும். நாலு தரம் அள்ளி வீசினா மேல் குழாய் கையை வெச்சா பொசுங்கும்."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். எனக்குத் தெரியும், ஒருவருக்கும் புரியவில்லை. கிழவர் கேட்டேவிட்டார், "அது இன்னாடா, பெரிய குழாய்க்குள்ள போனா மட்டும் சத்தம் எங்க போவும்?"

அவன் வேறு வார்த்தை தேடினான், கிடைக்கவில்லை. இறாலை ஆய்ந்தபடியே நான் சொன்னேன்.

"முகத்துவாரத்துல ஏத்தம் வரும்போது பாத்ததில்லையா? கடல் தண்ணி அந்தச் சந்துல நுழையறப்போ ஹோன்னு கத்துது. ஏரிக்குள்ள வந்து பரவிட்டா மூச்சு விடல. அதே தண்ணிதான். எடம் கெடச்சா எதுக்குக் கத்தப் போவுது? அப்புறம் வரிசையா வலை கட்டி வெச்சிருந்தா மிச்ச வேகமும் அதுல போயிடுது. நம்ம கரைக்கு வரும்போது மண்ணைக் கூடக் கலைக்கிறதில்ல."

அவன் மூங்கிலைக் கீழே வைத்துவிட்டான். "இதுதான். பெரிம்மா சொன்னதுதான். எங்க பட்டறையில பாடம் எடுத்த ஆபீசருக்குக் கூட இப்படிச் சொல்லத் தெரியல."

கிழவர், "அப்போ புரியுது," என்றார். அன்றைக்கு என் கையில் இறால் தோல் பூ மாதிரி உரிந்தது. ஆறு பெற்றவள் சும்மா பெறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்து டீ போட்டு எடுத்துப் போனேன். அவன் படகின்மேல் சாய்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். பெரிய ஆள் ஆகிவிட்டான், காதில் விழுந்தும் விழாத மாதிரி நிற்கிறான் என்று எரிச்சல் வந்தது. மூன்றாவது கூப்பிடும்போது என் நிழல் அவன்மேல் விழுந்தது, அப்போதுதான் திரும்பினான். கொட்டகையில் அவன் கேள்வி கேட்டவர் முகத்தையே உற்றுப் பார்த்தது அப்போது நினைவுக்கு வந்தது. முகத்தை இல்லை, வாயை.

"காது கேக்கலையாடா?" என்றேன்.

டீயை வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தான். "பத்து வருஷமா சத்தம் போடற துப்பாக்கியா சுட்டுப் பாத்தேன் பெரிம்மா. பஞ்சு வெச்சிகினுதான் சுடுவோம், இருந்தும் போச்சு. அந்தப் புதுத் துப்பாக்கி எதிரிக்குத் தெரியாம இருக்கறதுக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அது வேற மாதிரி. அதைப் பிடிச்சிகினு கீறவன் காதுக்கு அது நல்லது. மொதல்லயே அதுல வேலை குடுத்திருந்தா இந்தக் காது பொழைச்சிருக்கும்."

"டாக்டர் கிட்ட காட்டினியா?"

"காட்டினா வீட்டுக்கு அனுப்பிடுவான். அம்மாகிட்ட சொல்லாத. அது வாயில நிக்காது, ஊருக்கே தெரியும், ஊர்ல பட்டாளத்துல இன்னும் ரெண்டு பேரு கீறாங்க, அங்க போயிடும்." டம்ளரை என்னிடம் கொடுத்தான். "பாட்டுக் கூப்பிடுக்கு நீதான பறி எடுத்துகினு பின்னாடி நிப்ப?"

அது வழக்கம். ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் பின்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில், அந்த வீட்டுச் சுமங்கலி பறியோடு நிற்கவேண்டும். பறி என்றால் இறால் போடுகிற பின்னல் கூடை. அவனுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, அவன் அம்மா நிற்க முடியாது, அதனால் பெரியம்மாவான நான்தான் நிற்பேன். என் வீட்டுக்காரர் தன் முறையைப் பெரியவனுக்கு விட்டிருந்தார். பெண்களுக்குப் பாடு இல்லை, அதனால் எங்கள் வாயையும் கையையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

"என் பேரு வந்ததும் பறியால என் முழங்கையைத் தொடு. போதும்," என்றான்.

"அதுக்கு இன்னா," என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவன் அம்மாவுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இராத்திரி சாப்பாடுகூட நன்றாக இறங்கியது.

மறுநாள் காலை படகுத்துறையில் மீன் ஏலம். நான் கூடையை இறக்கி வைக்கும்போதே ஓரகத்தியின் குரல் கேட்டது. மாமியார் மெச்சின அந்தக் குரல். சுற்றிப் பத்துப் பெண்கள்.

"எம்புள்ள சொல்றான், அந்தத் துப்பாக்கி நம்ம முகத்துவாரம் மாதிரியாம். தண்ணி சந்துல கத்தும், ஏரியில பரவினா அடங்கிடுமாம். எப்படிச் சொன்னான் பாத்தியா? படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்."

"யம்மா, இன்னா அறிவு," என்றாள் ஒருத்தி.

நான் கூடையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு சொன்னேன், "ஏம்மே, அது நான் சொன்னது. நீ அப்போ அங்க இல்லவே இல்ல."

அவள் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இருக்கட்டும்க்கா. நீ சொன்னா இன்னா, அவன் சொன்னா இன்னா. துப்பாக்கியைப் பத்தி உனக்கு இன்னா தெரியும், அவன் சொன்னதைத்தான நீ திருப்பிச் சொல்லியிருப்ப."

பத்துப் பெண்களும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை. அடுத்த கூடை வந்ததும் மறந்துவிட்டார்கள். நான் மறக்கவில்லை. அவளுக்கு மகன் இருந்தான், அவன் சம்பளம் இருந்தது, பாடு இருந்தது, அகலக் கரைச் சால்வை இருந்தது. எனக்கென்று அன்றைக்கு இருந்தது அந்த ஒரு பேச்சு. அதையும் எடுத்து அவன் வாயில் போட்டுவிட்டாள். அன்று முழுக்க அடுப்பு ஊதினாலும் அவள் சிரிப்பு, அரிசி களைந்தாலும் அவள் சிரிப்பு. என் கடைக்குட்டி தன் மாமனார் வீட்டிலிருந்து சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். கொழுந்தன் மகன் மாசமானால் சம்பளம் வாங்குகிறான், வலையே தொடுவதில்லை, அவனுக்கு எதற்குப் பாடு என்று அப்போதுதான் முதல் தரம் நினைத்தேன்.

கூப்பிடு நாள் காற்றே இல்லை. கோயில் மேட்டில் ஏற்றின சாம்பிராணிப் புகை நேராக மேலே போனது. அவன் வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரில் நின்றான். நான் அவனுக்குப் பின்னால் பறியை இடுப்பில் வைத்து நின்றேன். என் பெரியவன் வரிசையின் அந்தக் கோடியில், அவன் பெண்டாட்டி பின்னால். கடைக்குட்டி கரையில், காத்திருப்பவர்களோடு. ஓரகத்தி தூரத்தில் அவள் வீட்டு வேலியோரம்.

ஒவ்வொரு பெயராக வந்தது. ஒவ்வொருவனும் "நிக்கிறேன்" என்றான். என் பெரியவன் குரல் மற்றவர்களைவிடக் கனமாக இருந்தது.

பிறகு கொழுந்தன் மகன் பெயர் வந்தது. தெளிவாக வந்தது. அவன் அசையவில்லை. அவன் பார்வை தண்ணீரில் இருந்தது, முழங்கை எனக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில். அடுத்த கூப்பிடுக்குத் தொடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது தரம் கூப்பிட்டார். வரிசையில் இரண்டு மூன்று பேர் முதுகு விறைத்தது, ஆனால் யாரும் வாய் திறக்க முடியாது. வேலியோரத்தில் ஓரகத்தி கழுத்தை நீட்டிப் பார்ப்பது என் கடைக்கண்ணில் தெரிந்தது. இப்போது சிரிடீ என்று நினைத்தேன். பறியின் விளிம்பை நான் பிடித்த பிடியில் பிரம்பு உள்ளங்கையில் பதிந்தது. பெரியதனக்காரர் மூன்றாவது தரம் நிறுத்தி, இழுத்து, கூப்பிட்டார். அவர் வேண்டுமென்றே நேரம் கொடுத்தார். ஒரு வாய் வெற்றிலை மெல்லுகிற நேரம் கொடுத்தார்.

"கழிஞ்சது," என்றார்.

அடுத்து என் கடைக்குட்டி பெயரைக் கூப்பிட்டார். அவன் "நிக்கிறேன்" என்று கத்தின கத்தலில் நாரைகள் எழுந்தன. தண்ணீரை அடித்துக்கொண்டு தம்பி தன் இடத்தில் நிற்க வருவதைப் பார்த்த பிறகுதான் கொழுந்தன் மகனுக்குப் புரிந்தது. திரும்பிப் பார்த்தான். இனி அவன் திரும்பலாம், போவதற்கு ஒன்றும் இல்லை.

கரைக்கு வந்ததும் மெதுவாகக் கேட்டான், "உனக்கும் கேக்கலையா பெரிம்மா?"

"காத்துடா. எதிர்க்காத்து. எனக்கும் கேக்கலை."

அவன் கோயில் மேட்டுப் புகையைப் பார்த்தான். நேராகப் போய்க்கொண்டிருந்த புகை.

அவன் வாய் திறந்திருந்தால் ஊர் கேட்டிருக்கும். காது கேட்கவில்லை, பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன் என்று ஒரு வார்த்தை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பாடு போகும். அவன் சொல்லவில்லை. ஊர் தன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டது. பட்டாளத்துத் திமிர் என்றார்கள். "வாயில சைலன்சர் மாட்டிகினு நின்னான்பா," என்று அந்த வம்புக் கிழவர் சொல்ல, கொட்டகையே சிரித்தது. ஓரகத்தி சிரிக்கவில்லை. வேலியிலிருந்து ஓடிவந்து எல்லோர் முன்னாலும் மகன் முதுகில் அடித்தாள். "உங்க நைனா நின்ன எடம்டா. ஒரு வார்த்தை சொல்ல உனக்கு இன்னா கேடு? துப்பாக்கி நெனப்புல நின்னுகினு இருந்தியா?" அவன் அடியை வாங்கிக்கொண்டு நின்றான்.

அவள் அழுததைப் பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. என் மகன் அந்தப் பருவத்தில் முதல் முறைக்குப் போய் வலை கட்டி, பறி நிரம்ப வெள்ளை இறாலோடு வந்தான். அதில் ஒரு பங்கை ஓரகத்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அவள் வாங்கிக்கொண்டு, "அக்கா மனசு யாருக்கு வரும்," என்று சொன்னாளாம். அன்றைக்கு என் தட்டு இறாலைக் கடைக்குட்டி தட்டில் தள்ளிவிட்டேன்.

கொழுந்தன் மகன் வேலை நிலைத்தது. வயசாகி ஓய்வு பெற்றுப் பொன்னேரியில் வீடு கட்டிக்கொண்டான். குப்பத்தில் பாடு இல்லாதவன் குப்பத்தில் என்ன செய்வான். இப்போது காதில் கருவி மாட்டியிருக்கிறான், வயசானதால் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். மாசம் ஒரு தரம் அனுப்பம்பட்டுப் பக்கம் இருக்கிற மகள் வீட்டுக்குப் போகிற வழியில் இங்கே வருவான். இன்னமும் முதலில் என் வீட்டுக்குத்தான் வருகிறான். ஏன் வருகிறான் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம்.

ஓரகத்திக்கு எழுபத்து மூன்று. பல் எல்லாம் அப்படியே இருக்கிறது. எனக்குக் கீழ்வரிசையே இல்லை. அவன் வந்தால் அவளுக்கு ஆப்பிள், எனக்கு வாழைப்பழம். என் பல்லுக்காகத்தான் வாழைப்பழம் என்று தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் ஆப்பிளைப் பார்க்கிறேன்.

போன மாசம் அவன் தன் மருமகனை முதல் தடவையாக அழைத்து வந்திருந்தான். என் வீட்டில்தான் எல்லோரும் சாப்பிட்டோம். ஓரகத்தி அந்தப் புது மனிதர் முன்னாலேயே பழைய கதையை எடுத்தாள். "உங்க மாமனாரு அன்னிக்கு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த ஊர்ல தலைக்கட்டா இருந்திருப்பாரு. திமிரு. அப்பன் நின்ன எடத்தைத் தூக்கிக் குடுத்துட்டு வந்தாரு," என்றாள். முப்பது வருஷமாகச் சொல்கிறாள். அவன் மருமகன் தட்டைப் பார்த்தான். கொழுந்தன் மகன் தலையைக் குனிந்துகொண்டு, "விடும்மா," என்றான். கருவி மாட்டின காது என் பக்கம் இருந்தது.

சொந்த அம்மாவிடம் முப்பது வருஷம் திட்டு வாங்கிக்கொண்டு என்னைக் காட்டிக்கொடுக்காதவன். அப்போதும் எனக்கு என்ன தோன்றியது என்று எழுதாவிட்டால் இந்த நோட்டு பொய். என் ஐந்தில் ஒன்றாவது எனக்காக இப்படித் தலை குனியுமா என்று தோன்றியது. இப்படி ஒருவனை அவள் பெற்றாளே என்று வயிறு எரிந்தது. பெற்றுவிட்டு அவனைத் திமிர் பிடித்தவன் என்கிறாளே, அவன் யார் என்று அவளுக்கே தெரியவில்லையே என்று அதற்கு மேலும் எரிந்தது. அவள் மகனைப் பற்றி அவளைவிட எனக்கு அதிகம் தெரிந்திருப்பதில் இத்தனை வருஷம் எனக்கு ஒரு சுகம் இருந்தது. அந்தச் சுகத்தை அவன் தலைமேல் ஏற்றி வைத்திருந்தேன்.

நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்று தரம் அவள் வேலி வரைக்கும் போய்த் திரும்பினேன். அதனால்தான் எழுதினேன். இது தெரிந்தால் அந்தப் பாட்டு முறையை ஊர் என்ன செய்யும் என்று தெரியாது. என் கடைக்குட்டி என்னிடம் பேசுவானா என்றும் தெரியாது. உன் நைனாவைத்தான் சொல்கிறேன்.

கண்ணு, என் பேத்திகளில் நீதான் நன்றாகப் படிக்கிறவள். முதலில் எதிர்வீட்டுக்குப் போய் உன் சின்ன ஆயாவைக் கூட்டி வா. ஆயா கூப்பிடுகிறாள் என்று மட்டும் சொல், எதற்கு என்று சொல்லாதே. அவளை இந்தப் பாயில், எனக்கு எதிரே உட்காரவை. எழுத்துத் தப்பாக இருக்கிற இடத்தில் நின்று என்னைக் கேட்காதே, நீயே கூட்டிப் படித்துக்கொள். உனக்கு அழுகை வந்தாலும் கோபம் வந்தாலும் நடுவில் நிறுத்தாதே. அவள் குறுக்கே பேசுவாள், பேசட்டும், நீ நிறுத்தாதே. நான் எழுந்து போகப் பார்த்தால் என் கையைப் பிடித்து உட்காரவை. இந்தா நோட்டு. எனக்கு எழுபத்தாறு வயது என்கிற இடத்திலிருந்து படி.